கூன் விழுந்த படை

எங்கப்பாவுக்குச் சம்பளம் வருவது பிளாஸ்டிக் வாளிகளைப் பார்த்துத் தலையாட்டுவதற்காக. கேலி இல்லை, வேலையே அதுதான். தர ஆய்வாளர் என்று அட்டையில் அச்சடித்துச் சட்டைப்பையில் மாட்டி விட்டிருக்கிறார்கள். இயந்திரம் வாளியைத் துப்பும். அது பெல்ட்டில் ஊர்ந்து வரும். அப்பா அதைத் தூக்கி, அடிப்பக்கம் பார்த்து, விளிம்பைத் தடவி, கைப்பிடியை ஆட்டிவிட்டு அனுப்ப வேண்டும். இது சுவரில் ஒட்டியிருக்கும் காகிதத்தின்படி. நிஜத்தில் அவர் விளிம்பைத் தடவ விரலை நீட்டும்போதே அடுத்த வாளி வந்து முழங்கையில் முட்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் நிறைய வாளிகளை ஓரங்கட்டினாராம். இதில் அச்சுக்கோடு துருத்துகிறது, இதில் காது ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று. சூப்பர்வைசர் வந்து ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பவும் பெல்ட்டில் வைத்தார். "தண்ணி பிடிக்கிற வாளிக்கு மூக்கும் முழியுமா வேணும்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அப்பா ஓரங்கட்டுவதை நிறுத்திவிட்டார். எல்லா வாளியும் பாஸ். நான் பத்தாவதை இரண்டாம் முறையாக எழுதுகிறவள் என்பதால் அந்த வாளிகள் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

வெளியே அப்படித் தலையாட்டிவிட்டு வரும் மனிதர் வீட்டில் எதற்குமே தலையாட்ட மாட்டார். அதாவது அவருடைய படைக்கு.

படை என்றால் விரல் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் சிப்பாய்கள். அவர்கள் முழு ஆளாக வருவதில்லை. தலை தனி, கை தனி, ஈட்டி தனி என்று ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் கொத்தாக ஒட்டிக்கொண்டு வருவார்கள். அவர்களை வெட்டி எடுத்து, ஒட்டி, வர்ணம் தீட்டி, பெரிய மேசையில் இரண்டு பக்கமும் அடுக்கி, பகடை உருட்டி, டேப் வைத்து அளந்து அளந்து நகர்த்திப் போர் நடத்த வேண்டும். நடத்துகிறவர்கள் எல்லோரும் பேரன் பேத்தி எடுக்கும் வயதை நெருங்குகிறவர்கள். இடுப்புவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வந்து கோட்டையைப் பிடிப்பார்கள். "சின்னப் பசங்க இதுக்கெல்லாம் சண்டை போட்டா அடிப்போம். பெரியவங்க போட்டா டீ போட்டுக் குடுக்கணும்" என்பாள் அம்மா.

வர்ணம் தீட்டுவதற்கு முன்னால் ஒரு சிப்பாய்க்கு நடக்கும் உபசாரம் எனக்குப் பிறந்ததிலிருந்து நடந்ததில்லை. முதலில் சின்னக் கட்டரால் சட்டத்திலிருந்து வெட்ட வேண்டும். ஒட்ட வெட்டக் கூடாது, கொஞ்சம் தள்ளி. பிறகு மிச்சமிருக்கும் அந்த முளையை பிளேடால் சீவ வேண்டும். பிறகு அச்சுக்கோடு. இரண்டு அச்சு சேருகிற இடத்தில் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை மெல்லிய கோடு ஓடும். அதை பிளேடின் முதுகால் சுரண்ட வேண்டும். பசை போடாமல் கையையும் தோளையும் பொருத்திப் பார்க்க வேண்டும். பொருந்தினால் குண்டூசி முனை அளவு பசை. மூட்டில் இடைவெளி தெரிந்தால், சுவருக்குப் பட்டி பார்ப்பதுபோல அதற்கும் பட்டி. காய்ந்ததும் உப்புத்தாள். கடைசியில் விரல் பிசுக்குப் போகச் சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்டித் துண்டில் காயவைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பிரைமர் என்கிற சாம்பல் நிற அடிப்பூச்சு. அது பிடித்தால்தான் மேலே போடும் வர்ணம் உரியாமல் நிற்கும்.

அப்பா அந்த அடிப்பூச்சைத் தொட்டதே இல்லை. ஏனென்றால் குளித்துக் காய்ந்த சிப்பாய்களுக்கு ஓர் ஆய்வு உண்டு. காலை வெயில் வரும் ஜன்னலில் ஒவ்வொருவனையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். முழங்காலின் உட்பக்கம் ஒரு கோடு தெரியும். உடனே அவன் மறுபடியும் பிளேடுக்குப் போவான். அவனோடு சேர்த்து, சந்தேகத்தின் பேரில், அவன் பக்கத்தில் நின்றவனும் போவான். சுரண்டிச் சுரண்டிச் சிலர் இளைத்தே போனார்கள். ஒருவனுக்கு மூக்கு இல்லை. அவனுக்குப் பட்டியில் புது மூக்கு வைத்தார் அப்பா. அந்த மூக்கில் கோடு இருந்தது.

இடையில் எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் தலை, துணி துவைக்கும் இயந்திரத்தின் மூடி, என் கணக்குப் புத்தகம் எல்லாம் படை முகாம்கள் ஆயின. கணக்குப் புத்தகத்துக்கு நான் ஆட்சேபம் சொல்லவில்லை. ஒரு நாள் சும்மா இருக்க முடியாமல், ஒரு சிப்பாயின் கழுத்தில் குதிரைத் தலையை ஒட்டி வரிசையின் நடுவில் நிறுத்தி வைத்தேன். அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே, தலையைக்கூடத் தூக்காமல், "குதிரைக்குக் காது மடல்ல கோடு சுரண்டலையே, வாலு" என்றார். கோபமே இல்லை. நான் வேலையை ஒழுங்காக முடிக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

போர் நடப்பது ஊரின் பல் டாக்டர் ஒருவருடைய கிளினிக்கின் மாடி அறையில். ஞாயிற்றுக்கிழமை கிளினிக் கிடையாது. அன்றைக்குப் பல் டாக்டருக்குப் பெயர் தளபதி. அவரே வைத்துக்கொண்ட பெயர்தான். அவருடைய படை பளபளவென்று இருக்கும். அதற்கு வர்ணம் தீட்டியது வேறு யாரோ, ஒட்டியது வேறு யாரோ. வெல்வது மட்டும் அவர். மாடியில் ஒரு கண்டிப்பான விதி உண்டு: அடிப்பூச்சாவது இல்லாத வெற்றுப் பிளாஸ்டிக் மேசைமேல் ஏறக் கூடாது. படை தயாராகாதவர்கள் ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, மற்றவர்கள் நகர்த்தும்போது டேப் பிடித்து அளந்து சொல்லலாம்.

எங்கப்பா எத்தனையோ வருஷமாக அந்த ஸ்டூலில் இருக்கிறார். அவருக்கு அங்கே பெயரே டேப். "டேப், கொஞ்சம் இங்க வாங்க" என்று கூப்பிடுவார்களாம். அந்த 'வாங்க' எதற்கு என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மரியாதையைக் கொடுத்துவிட்டு ஆளை எடுத்துக்கொண்ட மாதிரி.

ஆனால் அப்பாவுக்கு அந்த ஸ்டூல் உயிர். வார நாளில் அவர் தொழிற்சாலையிலிருந்து வந்தால் வீட்டில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும். கேட்டால் ஆமாம், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. ஞாயிறு சாயங்காலம் மாடியிலிருந்து இறங்கி வந்தால் வேறு ஆள். இடது அணி எப்படி உடைந்தது, பாலத்தை யார் விட்டுக்கொடுத்தார்கள், தளபதி பகடையை உருட்டும்போது ஊதிவிட்டு ஊதவே இல்லை என்று எப்படிச் சாதித்தார், எல்லாம் கொட்டுவார். அம்மாவுக்கு இடது அணி எது வலது அணி எது என்று ஒரு எழவும் தெரியாது. ஆனாலும் துணி மடித்துக்கொண்டே கேட்பாள். மடித்த துணி தீர்ந்துவிட்டால், மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடிப்பாள். நானே பார்த்திருக்கிறேன்.

இந்த வருஷம் மாடிக்குப் புதிதாக ஒருவர் வந்தார். உடற்பயிற்சிக் கூடம் வைத்திருப்பவர். அவரை மஸில் என்று வைத்துக்கொள்வோம். வர்ணம் தீட்டி முடித்த முழுப் படையை அப்படியே பெட்டியோடு வாங்கி வந்துவிட்டார். மாடியில் இடம் குறைவு, உட்காருவதற்கு இருப்பதோ கிளினிக்கின் பழைய காத்திருப்பு நாற்காலிகள். எனவே தளபதி அறிவித்தார்: வருடாந்தரப் பெரும்போருக்குச் சொந்தப் படையோடு வராதவர்கள் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, மின்விசிறியைப் பார்த்துத்தான் சொன்னார். மற்ற எல்லோரும் எங்கப்பாவைப் பார்த்தார்கள்.

அப்பா இதை வீட்டில் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலேயே வார நாள் குரலில் சொன்னார். அம்மா துணியைக் கீழே வைத்துவிட்டு, "ஏங்க, அந்த சாம்பல் பெயிண்ட அடிச்சுத் தொலைச்சா என்ன?" என்றாள். அடிக்கிறேன் என்றார். அந்த வாரமே பிரைமர் ஸ்ப்ரே டப்பா வாங்கி வந்தார். அதையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, மூடியில் இருந்த அச்சுக்கோட்டை எனக்குக் காட்டினார்.

போருக்கு முந்தைய நாள் சனிக்கிழமை. படை முழுவதும் சுரண்டி, ஒட்டி, பட்டி பார்த்து, குளித்து, துண்டில் வரிசையாகப் படுத்திருந்தது. வெயில் நன்றாக இருந்தது. டப்பாவைக் குலுக்கி மொட்டை மாடிக்கு எடுத்துப்போய் அடிக்க வேண்டியதுதான் பாக்கி. அப்பா கடைசியாக ஒரு தடவை என்று ஜன்னலுக்குப் போனார். ஒருவனுடைய ஈட்டி இம்மியளவு வளைந்திருந்தது.

வளைந்த ஈட்டிக்கு வைத்தியம் உண்டு. இந்த வகைப் பிளாஸ்டிக் சூடு பட்டால் இளகும். வெந்நீரில் முக்கி, விரலால் நேராக்கி, உடனே பச்சைத் தண்ணீரில் முக்கினால் அப்படியே நின்றுவிடும். ஒருவனுக்கு இதைச் செய்ய அடுப்பில் சின்னப் பாத்திரம் வைத்தார். அதற்குள் இன்னொருவன் ஈட்டியும் சரியில்லை என்று பட்டது. பிறகு மூன்றாமவன். பிறகு, ஈட்டியே இல்லாத வாள்காரன்கூட ஒரு மாதிரியாக நிற்கிறான் என்றார். சின்னப் பாத்திரம் போய்ப் பெரிய பாத்திரம் வந்தது. மொத்தப் படையையும் அதில் இறக்கி, தீயைக் குறைத்து வைத்து, ஒவ்வொருவனாக எடுத்து நிமிர்த்துவது என்று திட்டம். அம்மா மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கீழே இருந்திருந்தால் பாத்திரத்தைக் கொடுத்திருக்க மாட்டாள்.

முதல் ஆளை எடுக்க இடுக்கியை நீட்டியபோது போன் வந்தது. தளபதி.

அப்பா கூடத்துக்கு வந்து, நின்றுகொண்டே பேசினார். தளபதி உட்காரச் சொன்னால்கூட போனில் உட்கார மாட்டார். அந்தப் பக்கம் பேசுவது எனக்கே கேட்டது, பல் டாக்டர் குரல் அப்படி. உடல் நலம் விசாரித்தார். வெயில் அதிகம் என்றார். பிறகு சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தார். மஸிலின் படை பெரிது, மேசையில் அதற்கே இடம் போதாது. அப்பா சிரமப்பட்டு வர வேண்டாம். எப்படியும் படை தயாராகியிருக்காது, அவருக்குத் தெரியாதா. நாளைக்கு வீட்டில் ஓய்வெடுக்கலாம், அந்த ஸ்டூலும் அவர்களுக்கு உதவும்.

அப்பா "சரிங்க சார்" என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவருடைய வாயில் அந்தச் சொல் எப்போதும் தயாராக இருக்கும், சுரண்டவே தேவையில்லை.

"இல்லைங்க சார், தயாராயிடுச்சு" என்றார்.

தளபதி சிரித்து, போன வருஷமும் இதையேதான் சொன்னீர்கள் என்றார்.

"போன வருஷம் சொன்னது பொய்யி சார். இந்த வருஷம் நெஜம். எடம் வையுங்க." குரல் உயர்ந்திருந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அவர் இப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை. அப்புறம் தளபதி விதிமுறைகளை முதலிலிருந்து படித்தார். அப்பா விடாமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். வெள்ளை அடித்த சுவரில் ஆணி அடிப்பதுபோலப் பேசினார் மனிதர். போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது முகமெல்லாம் வெளிச்சம்.

சமையலறையிலிருந்து கொதிக்கிற சத்தம் கேட்டது.

பாத்திரத்துக்குள் படை தளதளவென்று குதித்துக்கொண்டிருந்தது. அப்பா பதறிப்போய் அடுப்பை அணைத்து, ஒரு வாளி பச்சைத் தண்ணீரை அப்படியே கவிழ்த்தார். அதுதான் தப்பு. இளகி வளைந்து கிடந்தவர்கள், எப்படி வளைந்தார்களோ அப்படியே இறுகிவிட்டார்கள். வெளியே எடுத்து நிறுத்தினால், ஒருவன்கூட நிமிர்ந்து நிற்கவில்லை. எல்லோருக்கும் முதுகு குனிந்திருந்தது. ஈட்டிகள் வாடிய கீரைத் தண்டு மாதிரி தொங்கின. ஒருவன் கால் கட்டைவிரலைச் சொறிகிறான். குதிரைவீரன் குதிரையின் காதில் ரகசியம் சொல்கிறான். மறுபடி சூடு காட்டி நிமிர்த்தலாம்தான். ஆனால் கால், முதுகு, கை, ஈட்டி என்று ஒருவனுக்கே அரைப்பொழுது வேண்டும், நாளை காலைக்குள் பத்துப் பேர்கூடத் தேற மாட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. அப்பா முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். அவர் தரையில் உட்கார்ந்து ஒருவனை எடுத்து ஈட்டியை நீவிக்கொடுத்தார். அது டக்கென்று பாதியில் ஒடிந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, "போன் பண்ணிச் சொல்லிடறேன்" என்றார். வார நாள் குரல்.

அம்மா காலி வாளியோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். என்ன ஆயிற்று என்று நான்தான் சொன்னேன். அவள் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், பெரிய பாத்திரம் அவளுடையது.

"ஏங்க" என்றாள். "இவங்க ஷிப்ட் முடிஞ்சு கேட்ல வர்றவங்க மாதிரியே இருக்காங்க."

அப்பா கால் சொறிகிறவனைக் காட்டி, "இவன் பேக்கிங் செக்ஷன்" என்றார். "எப்பவும் ஷூ கடிக்குதுன்னு சொல்லிட்டே இருப்பான்." இன்னொருவனை எடுத்தார். "இது லோடு ஏத்தறவரு. முதுகப் பாரேன், அப்படியே." குதிரையின் காதில் பேசுகிறவன் யார் என்று கேட்டேன். சூப்பர்வைசரிடம் கோள் சொல்கிற ஆளாம். அம்மா அடக்கமாட்டாமல் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். நான் விழுங்கி வைத்திருந்ததை வெளியே விட்டேன்.

பிறகு அவர் எழுந்து டப்பாவைக் குலுக்கினார். படையைப் பழைய அட்டையில் அடுக்கி மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனோம். அடிப்பதற்கு முன் ஒருவனை வழக்கம்போல வெயிலுக்கு நேராகத் தூக்கினார். பாதி வழியில் கை நின்றது. இறக்கி வைத்துவிட்டு அடித்தார். படை முழுவதும் சாம்பல் நிறமாயிற்று. அம்மா உலர்த்தியிருந்த துணியில் ஒரு தலையணை உறையும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் மடியில் தட்டுகளை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனோம். அட்டைப் பெட்டியில் போட்டால் ஒன்றுக்கொன்று மாட்டிக்கொள்ளும், அதனால் அம்மாவும் நானும் சுமைதூக்கிகள். பிரேக் போடும்போதெல்லாம் படை மொத்தமும் முன்னால் சாய்ந்தது. ஏற்கெனவே சாய்ந்தவர்கள் என்பதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

மாடி அறையில் சொத்தைப் பல்லின் பெரிய படத்துக்குக் கீழே போர்க்களம். அப்பா தட்டுகளை வைத்ததும் எல்லோரும் மேசையைச் சுற்றிக் கூடினார்கள். மஸில் கைகளைக் கட்டிக்கொண்டு, அந்தக் கைகளைக் கட்டுவதற்கே அவருக்குச் சிரமம், குனிந்து பார்த்தார். "என்ன சார், உங்க படை எதையோ தொலைச்சுட்டுத் தேடுதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவைதான், நான் சொல்லியிருக்க வேண்டியது.

தளபதி சிரிக்கவில்லை. வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடி இருக்கிறதே, கம்பி முனையில் வட்டமாக, அதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். ஒவ்வொருவனுக்கும் கால் இடுக்கு, கழுத்து, முதுகு என்று விட்டு விட்டுப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லாததுதான் பாக்கி. கடைசித் தட்டுக்கு வந்தபோது கண்ணாடி நின்றது. கையை மடக்கிக் குனிந்திருந்த ஒருவனின் கக்கத்தில் பூச்சு எட்டவில்லை. வெற்றுப் பிளாஸ்டிக், சின்ன மிளகு அளவுக்கு.

"படை முழுக்கன்னுதான் விதி, டேப்" என்றார் தளபதி. வருத்தமாகச் சொல்கிற குரல், பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் வருமே, அது. மஸில் ஏற்கெனவே அப்பா உட்கார வேண்டிய நாற்காலியை இழுத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்பாவைத் தெரியும். ஒருவனிடம் கோடு தெரிந்தால் வரிசையையே திருப்பி அனுப்புகிறவர். இப்போது தட்டுகளை எடுத்துக்கொண்டு, நியாயம்தான் சார் என்று சொல்லிவிட்டு, அடுத்த வருஷத்துக்குச் சுரண்டப் போய்விடுவார். அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். கொஞ்சம் வலித்தது.

அப்பா அந்த ஒருவனைத் தட்டிலிருந்து எடுத்தார். கக்கத்தைப் பார்த்தார். சட்டைப்பையில் போட்டார்.

"இவன் படையில இல்ல சார். மத்தவங்க பூராப் பேருக்கும் பெயிண்ட் இருக்கு."

தளபதி, ஒருவன் குறைந்தால் வரிசையில் ஓட்டை விழும், பலம் குறையும் என்று விளக்கினார்.

"குறையட்டும் சார்" என்று சொல்லிவிட்டு, அப்பா மேசையின் ஓரத்தில் அடுக்க ஆரம்பித்தார். தளபதி விதியை மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. கீழேயிருந்து டீ வந்துவிட்டது. ஆறிவிடும் என்று யாரோ சொன்னார்கள். அதோடு வழக்கு முடிந்தது.

போரைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அப்பா தோற்றார். சாதாரணத் தோல்வி இல்லை, துடைத்து எடுத்த தோல்வி. டேப் பிடிக்க ஆள் இல்லாததால் அவரவர் அவரவர்க்கு அளந்துகொண்டார்கள், ஆளுக்கு ஒரு விரற்கடை கூடுதலாக. எங்கப்பாவும் கூடுதலாகத்தான் அளந்தார், நான் பார்த்தேன். குனிந்த படை ஓட்டை விழுந்த வரிசையோடு பாலம் வரைக்கும் போனது. அங்கே மஸிலின் குதிரைகள் வந்தன. பகடையில் ஒன்று, மறுபடி ஒன்று. அப்பா ஒவ்வொருவனாகத் தூக்கித் தட்டில் படுக்கவைத்தார். நெற்றியெல்லாம் வேர்வை, காது சிவந்திருந்தது, கண்ணில் அப்படி ஒரு சந்தோஷம். கிளம்பும்போது தளபதி, "அடுத்த வாரம் கொஞ்சம் சீக்கிரம் வாங்க டேப், மேசைய நீட்டிப் போடணும்" என்றார். பெயர் மாறவில்லை. நாற்காலி இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் அம்மாவுக்கு ஜன்னல் ஓரம், எனக்கு நடு, அப்பா ஓரம். சட்டைப்பையிலிருந்து அவனை எடுத்து அம்மாவிடம் காட்டினார்.

"நம்ம படையில இவன் ஒருத்தன்தான் பொழைச்சான்."

"இவனுக்கு என்ன கொறையாம்?" என்றாள் அம்மா.

"கக்கத்துல பெயிண்ட் இல்ல."

"எனக்கும்தான் இல்ல."

அப்பா சத்தமாகச் சிரித்ததில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார். பாலத்துக்கு ஏன் நேராகப் போனோம், ஆற்றோரமாகச் சுற்றிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும், பேக்கிங் செக்ஷன் கடைசி வரைக்கும் எப்படி நின்றான், மஸில் பகடையை மேசைக்கு வெளியே போட்டுவிட்டு எப்படி ஏமாற்றினார். என் மடியில் இருந்த தட்டை எடுத்து, விழுந்தவர்களை எழுப்பி நிறுத்தி, இடது அணி இங்கே, வலது அணி இங்கே என்று காட்டினார். அம்மா ஒவ்வொன்றுக்கும் ம், ம் என்றாள். இதில் இடது எது என்று ஒரு தடவை கேட்டாள்கூட.

எங்கள் நிறுத்தம் வந்தது. மருந்துக் கடையின் விளக்கு ஜன்னலில் தெரிந்தது. நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அம்மா வெளியே பார்த்தாள், அவளுக்கும் தெரிந்தது. அப்பா இன்னும் பாலத்துக்கு இந்தப் பக்கமே இருந்தார். அம்மா என் முழங்காலில் கையை வைத்து அழுத்தி உட்காரவைத்தாள்.

பஸ் கிளம்பியது.